மயிலின் முதுகு

அக்காவின் ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் கோயில் தூணில்தான் ஆரம்பிக்கிறார்கள். காஞ்சிபுரத்துப் பெண், நெசவாளர் வீடு, தெருவிலிருந்து பார்த்தால் ஏகாம்பரநாதர் கோபுரம். பிறகென்ன, சிறுவயதில் சிற்பங்களின் முன்னால் மணிக்கணக்கில் நின்றிருப்பாள் என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். அக்காவும் மறுப்பதில்லை. அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கோயிலுக்கு வந்தால் வெளியே விட்ட செருப்பு தொலைந்துவிடுமோ என்ற கவலையில் பாதிப் பிரகாரத்திலேயே திரும்பிவிடுவாள். உண்மையில் எல்லாம் ஆரம்பித்தது எங்கள் வீட்டுத் தறியில். அதில் நான் செய்த ஒரு நல்ல காரியத்துக்கும் பங்கு உண்டு.

எங்கள் கூடத்தை முழுக்கத் தறிதான் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா தறிக்குக் கீழே தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் கரைக்கு நூல் சுற்றிய தனி நாடா எறிய பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அதற்குக் கோர்வை போடுவது என்று பெயர். லீவு நாட்களில் அது அக்காவின் வேலை. எங்கள் தறியில் நெய்யும்போது சேலையின் முகம் கீழே பார்த்திருக்கும், நெய்கிறவருக்குத் தெரிவது அதன் முதுகு. ஆகவே அப்பாவும் அக்காவும் நாளெல்லாம் பார்த்தது மயில் புட்டா உருவங்களின் பின்பக்கத்தை. அங்கே மயிலுக்குக் கண் இருக்காது, ஒரு கொத்து நூல் இருக்கும். கழுத்திலிருந்து தோகைக்கும் தோகையிலிருந்து காலுக்கும் ஜரிகை தொங்கலாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆறாம் வகுப்பில் இருந்த எனக்கு வேறு உத்தியோகம். குழிக்குள் அப்பாவின் காலருகே குந்திக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, மயில் சரியாக விழுந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அதைக் கீழே நீட்டிப் பார்க்க அப்பாவிடம் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. இருந்தாலும் என்னைக் கேட்பார்.

"மூக்கு இருக்குதாமா?"

"இருக்குதுபா. கண்ணும் இருக்குது."

ஒரே மயிலை அவர்கள் மேலிருந்தும் நான் கீழிருந்தும் பார்த்தோம். நான் பார்ப்பதுதான் மயில் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அக்கா அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் சென்னையில் ஓவியக் கல்லூரியில் சேரப்போவதாக ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் அறிவித்தாள். அம்மா அவளுக்கு ஏனாத்தூரில் பி.காம். என்று ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு வந்துவிடலாம். இரண்டு பேரும் பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. வாரக்கணக்கில் நடந்த சண்டையில் அப்பா நாடாவை விட்டுத் தலை நிமிரவில்லை. கடைசியில் அம்மாதான் ஒரு படி இறங்கினாள்.

"உனக்கு வரையத் தெரியுதுன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லட்டும். ஸ்கூல் போட்டியில ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கிக்கினு வா. அப்புறம் பேசலாம்."

அந்த வருடப் போட்டிக்குத் தலைப்பு 'நமது தேசியப் பறவை'. வீட்டிலேயே வரைந்து திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். காமாட்சியே கண் திறந்துவிட்டாள் என்று நான் துள்ளினேன். பிறந்ததிலிருந்து மயிலோடு குடித்தனம் நடத்துகிற வீட்டுக்கு இதைவிடச் சுலபமான தலைப்பு உண்டா? ஆனால் அக்கா வரைந்தது மயிலின் முதுகை. தறியில் எப்படித் தெரியுமோ அப்படியே, கண் இல்லாமல், மூக்கு இல்லாமல், நூல் நூலாக. முந்தைய இரண்டு வருடங்களும் அவள் இதே மாதிரி எதையோ வரைந்து கொடுக்க, டிராயிங் சார் அதன் கீழே சிவப்பு மையில் 'முழுமை பெறவில்லை' என்று எழுதித் திருப்பியிருந்தார்.

"இந்த ஒரு வாட்டி முன்னாடி பக்கத்த வரையேன்கா," என்று கெஞ்சினேன்.

"அதத்தான் எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்களே."

"இதுக்கு பிரைஸ் வராது."

"இதுக்கு வரணும். வரலன்னா வேணாம்."

அவளுக்கு முன்பக்கம் வரைய வராது, அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இப்படி வீம்பு பேசுகிறாள் என்று நான் முடிவு செய்தேன். எனக்கு அவள்மேல் ஒரே பரிதாபமாக இருந்தது. பாவம், அவள்தான் குழிக்குள் வந்து பார்த்ததே இல்லையே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சிநேகிதி வீட்டுக்குப் போன நேரத்தில் அவளுடைய போஸ்டர் கலர்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொங்கிய நூல்களை ஒவ்வொன்றாக வெள்ளை அடித்து மூடினேன். உருண்டையாக ஒரு கண், கூராக ஒரு மூக்கு வைத்தேன். கை நின்றபாடில்லை, வலது மூலையில் சின்னதாக ஒரு தேசியக் கொடியையும் ஏற்றிவிட்டேன். காய்ந்ததும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுப் பையில் வைத்தேன். மறுநாள் காலையில் அக்கா பிரித்துப் பார்க்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முதல் பரிசு அக்காவுக்கு. ஆண்டு விழாவில் பெயரைக் கூப்பிட்டதும் அவள் முகம் எப்படி மலர்ந்தது என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதல் வரிசையில் இருந்த அம்மா, பக்கத்தில் இருந்தவர்களிடம் "எங்க பொண்ணுதான்" என்று சொன்னாள். மேடையில் பலகையில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, அந்தக் கொடி எங்கள் எல்லோரையும் நெகிழ வைத்துவிட்டது என்றார் தலைமையாசிரியை. அக்கா அப்போதுதான் படத்தைப் பார்த்தாள். கோப்பைக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"இது நான் வரைஞ்சது இல்ல மேடம். பாதி என் தங்கச்சி வரைஞ்சிருக்கா."

கூட்டம் சிரித்தது. டிராயிங் சார் எழுந்து வந்து, குடும்பமாக வரைந்தாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள் என்றார்.

"நான் வரைஞ்சதுக்குக் குடுத்தா வாங்கிக்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டு, பலகையிலிருந்து படத்தை மட்டும் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள். கோப்பை மேசையிலேயே இருந்தது. நான் பெஞ்சுக்கு அடியில் போகாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வாசலைத் தாண்டியதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "கைக்கு வந்தத உட்டுட்டு வந்திருக்கிற. இனிமே காலேஜு கீலேஜுன்னு வாயத் தொறக்காத." அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. படத்தைத் தறிக்கட்டை மேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். அவள் அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சேலை கொடுக்க வேண்டியிருந்ததால் அப்பா விழாவுக்கு வரவில்லை. குழியிலிருந்து ஏறி, லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். என் கொடியைக் கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளை அடித்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க இருந்த நூலெல்லாம் எங்கமா போச்சு? கழுத்துல இருந்து தோகைக்கு ஓடணுமே. அது ஓடலன்னா மயிலு நிக்காதே."

அதுவரை கல்லாக நின்றிருந்த அக்கா அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அப்பா திட்டிவிட்டார், அதனால்தான் அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். "அவள திட்டாதீங்கபா, நான்தான் நூல அழிச்சேன்" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

அப்பா என் தலையில் கை வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். "யாராச்சும் ஒருத்தர் சொல்லணும்னியே. நான் சொல்றேன். போவட்டும்."

"நீங்க சொன்னா ஆச்சா?"

"முப்பது வருசமா இத்தத்தான் பாத்துக்கினு இருக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

முதல் வருடம் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அக்கா அசரவில்லை, ஏனாத்தூர் பஸ்ஸும் ஏறவில்லை. ஒரு வருடம் முழுக்கக் கோர்வை போட்டாள், மீதி நேரமெல்லாம் வரைந்தாள். அடுத்த வருடம் அதே முதுகுகளை எடுத்துக்கொண்டு போய் இடம் வாங்கினாள்.

போன மாதம் சென்னையில் அவளுடைய கண்காட்சி. பெரிய பெரிய படங்களுக்கு நடுவே என் மயிலும் சட்டம் போட்டுத் தொங்கியது, கொடியோடு. வெள்ளை பெயர்ந்து, நான் மூடிய நூல்கள் அங்கங்கே வெளியே தெரிந்தன. இது என்ன படம் என்று ஒரு நிருபர் கேட்டார்.

"இதுக்குத்தான் எனக்கு முதல் பரிசு கெடைச்சுது," என்றாள் அக்கா.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நீதான் அத வாங்கவே இல்லியே" என்றேன். அவள் மோவாயால் காட்டினாள். அப்பா அந்தப் பக்கம் ஒரு படத்தின் முன்னால் குனிந்து நின்று, படத்தில் படாமல் விரலை நகர்த்தி, ஒரு நூல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வயதில் நான், அக்கா தன் பரிசை மேடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் தறிக்குப் பக்கத்தில் அதை வாங்கிக்கொண்டுதான் அவள் அழுதாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.