நீலச் சட்டைப் பையில் இருந்த ஜெபமாலை

ஒக்கலிபுரத்தில் சில்வெஸ்டர் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். எருசலேம் போய்வந்த சில்வெஸ்டர் என்று கேட்டால் நேராகப் பச்சைக் கதவு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ரயில்வே பார்சல் ஆபீசில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்தும் கிடைக்காத பேர், மனுஷனுக்கு ஒரே பயணத்தில் கிடைத்துவிட்டது. யாராவது அப்படிச் சொன்னால் அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று தெரு நினைத்துக்கொண்டது.

போக ஆசைப்பட்டது அவர் இல்லை, அவர் மனைவி பிரிஜெட். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு வரும்போது, ஆண்டவர் சிலுவை சுமந்த அந்த இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பாள். 1998-ல் பங்குக் கோயிலிலிருந்து புனித நாட்டுக்கு ஆள் சேர்த்தபோது அவளுக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது. நீங்கள் போய்வாருங்கள், நான் போன மாதிரிதான் என்றாள். ஒரு பேச்சுக்காவது அவர் மறுத்திருக்கலாம். கால் சரியாகட்டும், அடுத்த வருஷம் சேர்ந்தே போவோம் என்று சொல்லியிருக்கலாம். நம்மவர் பேரைக் கொடுத்துவிட்டு, நல்ல சூட்கேஸ் எங்கே கிடைக்கும் என்று சிவாஜிநகரில் விசாரிக்கப் போய்விட்டார்.

யாராவது அங்கே போகிறார் என்றால் தெருவே தன் ஜெபமாலைகளைக் கொடுத்தனுப்பும். ஆண்டவரின் கல்லறைமேல் வைத்து எடுத்துவர வேண்டும். சில்வெஸ்டரிடம் ஒரு துணிப்பை நிறையச் சேர்ந்துவிட்டது. பிரிஜெட் மட்டும் தன்னுடையதை அந்தப் பையில் போடவில்லை. கறுப்பு மர மணிகள் கோத்த பழைய மாலை அது. எங்கம்மாவோடது, மற்றதோடு கலந்துவிடாதீர்கள், சட்டைப் பையிலேயே இருக்கட்டும் என்று கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். கூடவே ஒரு புது வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் பெட்டியில் வைத்து, கல்லறைக்குப் போகிற அன்றைக்கு இதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியனுப்பினாள்.

அவள் சொன்ன இரண்டையும் அவர் அப்படியே செய்தார். வினை அங்கேதான் வந்தது.

எருசலேமில் அன்று காலை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, துணிப்பையும் கையுமாக வரிசையில் நின்றார். குனிந்து நுழைய வேண்டிய வாசல். உள்ளே மூன்று நாலு பேருக்கு மேல் இடமில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று துறவி ஒருவர் கை காட்டிக்கொண்டே இருந்தார். சில்வெஸ்டர் பையைக் கல்லறையின் சலவைக்கல்மேல் வைத்து, நெற்றியை அதன்மேல் சாய்த்து, பிரிஜெட்டின் முழங்காலுக்காக அழுதே வேண்டிக்கொண்டார். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது.

சாயங்காலம் பெத்லகேம் ஓட்டலில் உடை மாற்றும்போது, முந்தின நாள் போட்ட நீலச் சட்டை நாற்காலியில் தொங்கியது. அதன் பையில் கைக்குட்டை புடைத்துக்கொண்டிருந்தது. சில்வெஸ்டர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

எருசலேம் கூப்பிடு தூரம்தான். ஆனால் விடிந்ததும் பஸ் எகிப்துக்குக் கிளம்புகிறது. கூட வந்த ஃபாதர் பக்கத்து அறையில் இருந்தார். கதவு வரைக்கும் போனார், திரும்பினார். மறுபடியும் போனார். ஒரு ஜெபமாலைக்காக இத்தனை பேரைக் காக்கவைப்பதா, சிரிக்க மாட்டார்களா என்று கூச்சம் பிடுங்கித் தின்றது. கேட்டிருந்தால் அந்த ஃபாதரே டாக்சி வைத்துக் கூட்டிப் போயிருப்பார். இது அவருக்குப் பிற்பாடுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய.

ஊர் திரும்பியதும் வாசலிலேயே அவரவர் மாலையை வாங்கி முத்தமிட்டுக்கொண்டு போனார்கள். எல்லாரும் போனபின் பிரிஜெட் வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"வெச்சீங்களா?"

"வெச்சேன்."

அவள் மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அந்த முகத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பொய் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிர்வீட்டுப் பாகீரதியின் மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது, பிரிஜெட் ஆஸ்பத்திரிக்கே நொண்டிக்கொண்டு போய் மாலையை அவள் கையில் வைத்துவிட்டு வந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து ஆபரேஷன், காமாலை, எதுவானாலும் பிரிஜெட் ஆன்ட்டி மாலையைக் கேள் என்றாகிவிட்டது. அவள் கொடுக்கும்போதெல்லாம் சில்வெஸ்டருக்குக் கொல்லைப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.

2003-ல் பிரிஜெட்டுக்கே சிறுநீரகம் கெட்டது. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவர் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, அந்த ஜெபமாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"அது இருக்கறதாலதாங்க எனக்குப் பயமே இல்ல. நான் போகாட்டி என்ன, எங்கம்மா மாலை போய் ஆண்டவரத் தொட்டுட்டு வந்துச்சே. அது போதும்."

சில்வெஸ்டர் பேச வந்ததை விழுங்கிவிட்டுப் பாலை ஆற்ற ஆரம்பித்தார்.

அடக்கத்தன்று பிரிஜெட்டின் கையில் அந்தக் கறுப்பு மாலையைச் சுற்றியிருந்தார்கள். பெட்டியை மூடுவதற்குமுன் பக்கத்து வீட்டு டெல்ஃபின் தன் மாலையோடு வந்து தயங்கி நின்றாள்.

"அங்கிள், இத ஆன்ட்டி கையில வெச்சுடுங்க. இதுவும் நீங்க கல்லறையில வெச்சு எடுத்துட்டு வந்ததுதானே. ஆன்ட்டியோடது வெளியில இருக்கட்டும். ஆத்திர அவசரத்துக்கு நம்ம தெருவுக்கு வேணும்."

சில்வெஸ்டர் அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். டெல்ஃபினுடையது அன்றைக்குத் துணிப்பையில் இருந்தது. அது நிஜமாகவே கல்லறையைத் தொட்டது. தன் கையாலேயே பழையதைக் கழற்றி, அதைப் பிரிஜெட்டின் விரல்களில் சுற்றினார். அவள் கேட்டது கடைசியில் அவளுக்குக் கிடைத்தது, ஆனால் அவள் அம்மாவுடையது கையைவிட்டுப் போய்விட்டது. அவர் ஓவென்று அழுததைப் பார்த்து, இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர், இருக்காதா பின்னே என்றார்கள்.

இப்போதும் பச்சைக் கதவைத் தட்டி ஆட்கள் வருகிறார்கள். எருசலேம் போய்வந்த கையால் வாங்கினால்தான் அவர்களுக்குத் திருப்தி. காரியம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து, ஆன்ட்டி புண்ணியத்தில் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் மாலையைப் பிரிஜெட் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டுவார். இல்லை பிரிஜெட், நான் வைக்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். கேட்டவள்தான் இல்லை.