சாம்பல் குறி

நான் வயதுக்கு வந்த வருடம்தான் அவள்மேல் எனக்கு எரிச்சல் தொடங்கியது. அவளுக்கும் என் வயதுதான். ஏரிக்கரைக்குக் கீழே, முள்காட்டு ஓரத்தில், அம்மாவோடு குடிசை போட்டு இருந்தாள். இருளர் பெண். ஊருக்குள் தண்ணீர் கேட்டால்கூடத் தள்ளி நிற்கவைத்துத்தான் ஊற்றுவார்கள். அப்படிப்பட்டவள்மேல் பொறாமைப்பட உனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது.

அதுவரை நைனா வயலுக்குப் போனால் நானும் பின்னாலேயே போவேன். சடங்கு முடிந்ததும், "இனிமே வூட்டோட கெட" என்று அம்மா சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடமும் நின்றது. அந்த வருடம் பார்த்து வரப்பெல்லாம் எலி. நைனா அவளைக் கூப்பிட்டார். நான் நடந்த வரப்பில் அவள் நடந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எலி வளையைத் தோண்டினால், உள்ளே எலி சேர்த்துவைத்திருக்கும் நெல் தோண்டியவர்களுக்கு. அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் அதுதான் சோறு. அவள் மண்ணைப் பார்ப்பாள், குனிந்து மோந்து பார்ப்பாள், கடப்பாரையை ஒரே இடத்தில் போடுவாள். எலி அங்கேதான் இருக்கும். நைனா சாப்பிட உட்கார்ந்தால் அவள் பேச்சுதான். "அவ கண்ணுதான்டி கண்ணு. பாம்பு போன தடம் எது, கீரி போன தடம் எதுன்னு புட்டுப்புட்டு வெக்கிறா." என்னைப் பற்றி அவர் அவ்வளவு நீளமாக ஒருநாளும் பேசியதில்லை. நான் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

ஒருநாள் எங்கள் கொல்லைப் பக்கம் வந்தவள், துணி துவைக்கும் கல்லருகே ஈர மண்ணைப் பார்த்துச் சிரித்தாள். "இது உன் காலுதானே? சுண்டு வெரலு பக்கத்து வெரலு மேல ஏறிக்கினு கீது." என் வலது கால் அப்படித்தான். பெற்றவர்களுக்கு மட்டுமே தெரிந்த குறை. அதையும் கண்டுபிடித்துவிட்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறுவடை முடிந்து நெல்லைத் தூற்றிக் களத்தில் குவித்தார்கள். அளக்கும்வரை குவியலைச் சுற்றி நைனா சாம்பலால் குறி போட்டுவைப்பார். யாராவது ஒரு பிடி அள்ளினாலும் நெல் சரிந்து கோடு கலைந்துவிடும். களம் எங்கள் கொல்லைக்குப் பின்னால்தான். ஆட்கள் கஞ்சி குடிக்கப் போன உச்சிவெயிலில் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். கோட்டைக் கலைத்து ஒரு மடி நெல்லை அள்ளி, ஏரிக்கரை இறங்கி, ஆளில்லாத அவள் குடிசை வாசலில் கொட்டினேன். திரும்பி வந்து நல்ல பிள்ளையாக முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்வதற்குள் ஊரே களத்தில் கூடிவிட்டது. குடிசை வாசலில் நெல் கிடந்ததையும் பார்த்துவிட்டார்கள். அடித்துத் துரத்துங்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நைனா மட்டும் விடவில்லை.

"இருங்கடா. அவளையே கூப்பிட்டுக் காட்டுவோம். வந்தது யாருன்னு அவ தடத்தப் பாத்தே சொல்லிடுவா."

திருட்டுப் பழி விழுந்த பிறகும் அவள் கண்ணைத்தான் நம்பினார். மாட்டிக்கொள்வேனே என்ற பயத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அவள் வந்து குவியலருகே குந்தினாள். பதர்த்தூசியில் என் கால் பதிந்திருந்தது. கொல்லைக் கதவருகே நின்ற எனக்கே அது எங்கே என்று தெரியும். அவள் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். எழுந்தாள். எழும்போதே அந்த இடத்தைத் தன் காலால் தேய்த்துவிட்டாள்.

"ஒண்ணும் தெரியலீங்க."

"எலித் தடம் தெரியுது, ஆளு தடம் தெரியலியா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோருக்கும் விஷயம் முடிந்துபோயிற்று. அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நைனா வீட்டுக்குள் வந்துவிட்டார். மறுநாள் காலையில் குடிசை காலி. செம்பரம்பாக்கம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருட அறுவடையில், யாரும் எதிர்பார்க்காமல் நைனா என்னைக் களத்துக்குக் கூப்பிட்டார். சாம்பல் சட்டியை நீட்டினார்.

"இந்த வாட்டி நீ போடு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. குவியலைச் சுற்றிவந்து பார்த்துப் பார்த்துக் கோடு போட்டேன். முடித்துத் திரும்பினால் அவர் குவியலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூசியில் என் வலது கால், ஏறிய சுண்டு விரலோடு. அதன்மேல் தன் காலை வைத்து மெதுவாகத் தேய்த்து அழித்தார்.

"உள்ள போ" என்றார்.

அவள் வருவதற்கு முன்பே, அன்றைக்கே, அவரும் அதைப் பார்த்திருக்கிறார். அவள் சொல்லட்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். அவள் சொல்லவில்லை என்றதும் எனக்காக அவளைப் போகவிட்டிருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமலே என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வெட்கத்தில் செத்துப்போயிருக்க வேண்டும் நான். சட்டியோடு உள்ளே போகும்போது, அவர்கள் இருவருக்குள்ளும் அப்படி ஒரு ஒற்றுமை இருந்ததே என்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.