ஏழாம் கூண்டு ஆறான நாள்

ஏழாம் எண் கூண்டை இறக்கிவிட்டு ஆறாம் எண் கூண்டை ஏற்றச் சொல்லித் தந்தி வந்தபோது நான் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு ஓடி, சொன்னபடி ஏற்றினேன். அன்றைக்கு நான் முறைப்படி செய்த கடைசி வேலை அதுதான். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் ஆபீஸ் பாஷையில் ஒழுங்கீனம். இன்றைக்கு அந்தத் தந்தி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

எழுபதுகளின் பிற்பாதி. காரைக்கால் கடலோரத்தில் ஒரு சின்ன வானிலை நிலையத்தில் நான் அப்சர்வர். காற்றழுத்தம், காற்றின் திசை, மழை அளவு எல்லாம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்புவோம். அங்கே மேப் போட்டுப் பார்த்து, எந்தக் கூண்டு ஏற்றுவது என்று திருப்பித் தந்தி அடிப்பார்கள். கூண்டு என்றால் கிளிக்கூண்டு இல்லை. கம்பத்தில் கயிறு கட்டி ஏற்றும் கறுப்புக் கூம்பும் உருளையும். அது கப்பல்காரர்களுக்காகப் பிறந்தது. கட்டுமரக்காரர்களை அதைச் செய்தவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இளைய தலைமுறைக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். ஐந்து, ஆறு, ஏழு மூன்றுக்கும் ஆபத்து ஒன்றுதான். எண் சொல்வது புயல் போகும் வழியை. ஏழு என்றால் புயல் நம் தலைமேலேயே வருகிறது. எங்கள் கரையில் ஐந்து என்றால் நமக்கு வடக்கே கரை ஏறும், ஆறு என்றால் தெற்கே. இதில் எங்களுக்கு ஆறுதான் பொல்லாதது. புயல் தெற்கே ஏறினால் காற்று நேர்க் கிழக்கிலிருந்து அடித்துக் கடலை ஊருக்குள் தள்ளும்.

இது எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. ஊருக்குக் கூண்டு என்பது காய்ச்சல் மாதிரி. எண் ஏறினால் மோசம், இறங்கினால் தேவலை.

கூண்டுதான் பேசணும்

கடலை ஒட்டிய மீனவர் குப்பமான கிளிஞ்சல்மேட்டுக் குடிசைக்காரர்கள் முதல் நாளே பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியிருந்தார்கள். ஏழு ஆறானது தெரிந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆபீசரிடம் போனேன். நல்ல மனிதர், வேலையில் கெட்டி. விதி என்றால் மட்டும் கோடு தாண்டமாட்டார்.

“சார், சனங்க வீட்டுக்குக் கெளம்பிடுவாங்க. ஒரு எட்டு போயி சொல்லிட்டு வந்துடறேன்.”

“சூசை, கூண்டுதான் பேசணும். நாம பேசக்கூடாது. நீ ஒண்ணு சொல்லி மெட்ராஸ் வேற ஒண்ணு சொன்னா யாரு பதில் சொல்றது? அட்மினிஸ்ட்ரேட்டர் ஆபீசுக்குப் போன் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். லைன் கெடைக்கட்டும்.”

“லைன் கெடைக்கறதுக்குள்ள தண்ணி வந்துடும் சார்.”

“டூட்டில இருக்கறவன் வெளில போனா மெமோதான், தெரியும்ல?”

“குடுங்க சார். வந்து வாங்கிக்கறேன்.”

சைக்கிளை எடுத்தேன். பாதி வழி மிதித்தேன், மீதி வழி காற்றில் தள்ளிக்கொண்டு நடந்தேன். கோபத்தில் மழை உறைக்கவில்லை.

நினைத்தது சரியாகப் போயிற்று. பள்ளிக்கூட வாசலில் மூட்டை முடிச்சோடு கூட்டம். முன்னால் நின்றவள் அஞ்சம்மாள். எங்கள் குவார்ட்டர்சுக்கு மீன் கொண்டுவருகிறவள். அவள் கிளம்பினால் ஊரே கிளம்பும். சைக்கிளைக் கேட்டுக்குக் குறுக்கே போட்டேன்.

“ஏழு ஆறாயிட்டு சார்! ரேடியோல சொல்லிட்டான். வழிய விடுங்க.”

“கொறையலம்மா. தெக்க திரும்பியிருக்கு, அவ்ளோதான்.”

“தெக்க போனா வேதாரணியத்துக்காரன் பாத்துக்கறான். நமக்கென்ன? புது நைலான் வலை குடிசையில கெடக்குது.”

ஆறுக்கும் ஏழுக்கும் அர்த்தம் சொல்ல ஆரம்பித்தேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. எண்ணை விட்டுவிட்டேன்.

“இப்ப அடிக்கறது என்ன காத்து?” என்று கத்தினேன்.

“வாடை.”

“புயலு நமக்குத் தெக்க கரை ஏறுனா என்ன காத்து அடிக்கும்? நீங்களே சொல்லுங்க.”

அஞ்சம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

“கொண்டல்,” என்றாள். கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

“கொண்டல்ல கடல் எங்க வரும்?”

அவள் தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். “வலைக்கு என்ன பண்றது? ஒங்க கூண்டு வாங்கிக் குடுக்குமா?” என்று என்னைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே போனாள். திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும்போது காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து அடித்தது. மறுநாள் கிளிஞ்சல்மேட்டின் முன்வரிசையில் குடிசை நின்ற அடையாளமே இல்லை. அஞ்சம்மாளின் வலையும் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை.

வருத்தம் என்று எழுதாதது

மெமோ வந்தது. டூட்டியில் இடத்தை விட்டு அகன்றது, அனுமதியின்றிப் பொதுமக்களுக்குத் தகவல் அளித்தது என்று இரண்டு குற்றம். இரண்டும் உண்மை. “வருத்தம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு சூசை, முடிச்சுடலாம்” என்று ஆபீசர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

“வருத்தமே இல்லையே சார், எப்படி எழுதறது?”

மாற்றல் போட்டார்கள். நாட்டின் வடகோடியில் ஒரு பனிமலை ஊர். குளிர்காலம் முழுக்கப் பாதை மூடிக் கிடக்கும். அங்கேயும் அதே கதைதான். பனிச்சரிவு எச்சரிக்கை பெரிய ஆபீசுகளுக்குத் தந்தியில் போகும். சரிவுக்குக் கீழே ஆடு ஓட்டிப் போகிறவர்களுக்கு அது ஒருநாளும் வந்து சேராது. டீக்கடைக்காரரிடம் அவர்கள் பாஷையில் நான் முதலில் கற்ற வாக்கியம், “இன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.” அதை மட்டும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அதற்கும் ஒரு மெமோ வாங்கினேன்.

எண்பதுகளின் நடுவில் காரைக்காலுக்கே திரும்பி வந்தேன். ஆபீசர் புதியவர், விதி பழையது. அந்த வருஷ ஐப்பசியில் மறுபடி ஒரு தந்தி வந்தது. நான் கூண்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆபீசர் பக்கத்திலேயே நின்றார். வேலிக்கு வெளியே மீன்கூடையோடு அஞ்சம்மாள் வந்து நின்றாள். நரைத்திருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. கூண்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சார், வடக்கயா தெக்கயா?”

ஆபீசர் என்னைப் பார்த்தார். பேசாதே என்று கண்ணால் சொன்னார். நான் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, வேலிவரை கேட்கும்படி கத்தினேன்.

“தெக்க!”

“அப்பக் கொண்டல்தான்” என்றாள் அஞ்சம்மாள். மீன் விற்கப் போகாமல், வந்த வழியே கிளிஞ்சல்மேட்டுக்கு ஓடினாள்.