சுரங்கப் பேய்க்கு வசனம்

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, விழித்திரை கிழிந்து ஆபரேஷன் ஆனபோது அவரைச் சித்தூருக்கு அனுப்பாமல் திருப்பதியில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். கண்ணுக்குள் ஏதோ வாயு நிரப்பியிருந்தார்கள். அது கரைகிற வரைக்கும் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும், உட்கார்ந்தாலும் முகம் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டி.வி. இல்லை, பேப்பர் இல்லை. நைனா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், நாளெல்லாம் ஆட்களோடு பேசியே பழகியவர். அம்மா இறந்த பிறகு சித்தூர் வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். என் வீட்டுக்காரர் ரேணிகுண்டா பக்கம் செல்போன் கம்பெனிக்குக் காலையிலேயே கிளம்பிவிடுவார். பகல் முழுக்க நானும் நைனாவும்தான்.

நான் அப்போது ஹைதராபாத்தில் இருந்த ஒரு கேம் டெஸ்டிங் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அங்கேயே ஹாஸ்டலில் இருந்தவள். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்கும் மிச்சப் பேர் குவைத்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். போன இடத்திலிருந்து திரும்பி வந்தது நான் ஒருத்திதான். வெளிநாட்டில் தயாராகிற வீடியோ கேம்களை வெளியிடும் முன்னால் ஆடிப் பார்த்து, எங்கே பிசகுகிறது என்று எழுதி அனுப்புவது எங்கள் வேலை. அந்த மாதம் எனக்கு வந்தது கதை மதிப்பீடு. ஏற்கெனவே நன்றாக விற்ற பேய் வேட்டை கேம் ஒன்றுக்குப் புதிதாக மூன்று அத்தியாயம் சேர்த்திருந்தார்கள். அந்தக் கதை நிற்கிறதா, பழையதோடு ஒட்டுகிறதா, முடிவு சரியாக விழுகிறதா என்று கடைசி வரை ஆடிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் பேய்க் கதை கிடையாது. நைனா சித்தூரில் பழைய கிறிஸ்தவ மிஷன் சபையில் மூப்பர். சின்ன வயதில் பக்கத்து வீட்டு அக்கா மோகினி கதையை ஆரம்பித்தாலே என்னை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். அதனால் முதல் நாள் ஹெட்போன் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். அவர் தண்ணீர் கேட்டது என் காதில் விழவில்லை. நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தானே எழுந்து போய், கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் கட்டிலிலிருந்து கேட்டார்: "இன்னாமா அது? யாரோ பொம்பள அழுவற மாதிரி கீதே."

"ஆபீஸ் வேல நைனா. கேமு."

என்ன கேம், என்ன கதை என்றெல்லாம் கேட்டார். மழுப்பிப் பார்த்தேன், விடவில்லை. கடைசியில் செத்தவர்களின் ஆவிகளைப் பிடிக்கிற ஒரு பெண்ணின் கதை என்று சொல்லிவிட்டேன்.

"அது நெசமில்லன்னு உனக்குத் தெரியும் இல்ல?" என்றார்.

"தெரியும்."

"அப்ப சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இடது கையில் ஆவியைப் பிடித்து நிறுத்துகிற சக்தி. பழைய கேமில் நகரத்தில் வேட்டையாடியவள், இந்தப் புது அத்தியாயங்களில் தான் பிறந்த ஊருக்குத் திரும்பி வருகிறாள். அது ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அவள் குழந்தையாக இருந்தபோது அவளுடைய அப்பா சுரங்கம் இடிந்து உள்ளேயே போய்விட்டார். இப்போது உள்ளே செத்தவர்கள் எழுந்து வந்து ஊர்க்காரர்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நான் பட்டனைத் தட்டிக்கொண்டே நடப்பதைச் சொல்வேன், நைனா தலையணையில் முகம் புதைத்தபடி கேட்பார். இரண்டாம் அத்தியாயத்தில் அவள் அப்பாவின் விளக்கைக் கண்டெடுத்தபோது, அது இன்னும் எரிகிறதா என்று கேட்டார். காலை ஜெபம் முடிந்ததும் முந்தின நாள் எங்கே விட்டோம் என்று அவரே எடுத்துக் கொடுப்பார். எனக்கு வேலை மெதுவானது, ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவர்களுக்கெல்லாம் தலைவனாக வருவது அவளுடைய அப்பாதான். பெரிய உருவம், கையில் சம்மட்டி. மூன்று கட்டமாகச் சண்டை. நான் தோற்றுத் தோற்று மறுபடி ஆடினேன். ஒரு மதியம் முழுக்க வீட்டில் சம்மட்டிச் சத்தம்தான். ஒரு வழியாக அவன் விழுந்தான். அவள் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தாள், விடிந்தது, திரையில் கேமைச் செய்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"முடிஞ்சிடுச்சா? அவன் இன்னா சொன்னான்?" என்றார் நைனா.

"ஒண்ணும் சொல்லல. கத்தனான், அவ்ளோதான்."

"பெத்த பொண்ணு வந்து எதிர்ல நிக்கறா. ஒரு வார்த்த பேசமாட்டானா?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. முடிவு பிடிக்கவில்லை என்று நானும் குறித்து வைத்திருந்தேன், ஆனால் அவர் சொன்னதும் கேமுக்குப் பரிந்து பேசினேன். இந்த மாதிரி ஆட்டத்தில் கடைசியில் வருகிறவன் அடி வாங்கத்தான் வருவான், யாரும் உட்கார்ந்து பேசமாட்டார்கள் என்றேன்.

நைனா கீழே பார்த்தபடியே சொன்னார்: "எங்க நைனா சாவும்போது நான் நாயுடுபேட்ட டூட்டில இருந்தேன். சேதி வந்து, எங்க ஊரு வரதய்யபாளையம் போய்ச் சேர்றதுக்குள்ள பெட்டிய மூடிட்டாங்க. தொறங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல."

இதை அவர் அதற்கு முன் சொன்னதே இல்லை. தாத்தா கூலி வேலை செய்து அவரைப் படிக்க வைத்தது தெரியும், சாவு தெரியாது. அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு, காபி போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றார்.

அறிக்கையை மறுநாள் எழுதினேன். சண்டைகள் நன்றாக இருக்கின்றன, சுரங்கத்தை அருமையாகச் செய்திருக்கிறார்கள், விளக்கு வருகிற இடம் மனதில் நிற்கிறது. ஆனால் இரண்டு அத்தியாயம் அப்பாவைத் தேடிப் போகிறவளுக்கு முன்னால் கடைசியில் வெறும் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள், சண்டைக்கு முன் இருவரும் பேச ஓர் இடம் கொடுங்கள் என்று எழுதினேன். டீம் லீட் போன் செய்து தெலுங்கில் நயமாகப் பேசினார். குரல் பதிவெல்லாம் முடிந்திருக்கும், ஆடுகிறவர்களில் பாதிப் பேர் வசனத்தைத் தாண்டிவிடுவார்கள், கொஞ்சம் மென்மையாக எழுதலாமே என்றார். நீங்கள் கடைசி வரை ஆடினீர்களா என்று கேட்டேன். ஆடினேன் என்றார். முடிவில் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, கை வலித்தது என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாற்றாமலேயே அனுப்பினார்.

சில மாதங்கள் கழித்து அது வெளிவந்தது. முடிவு அதேதான். ஆனால் சண்டையின் இரண்டாம் கட்டம் முடிகிற இடத்தில் அந்த உருவம் சம்மட்டியை ஒரு கணம் தாழ்த்தி, அவளைச் சின்ன வயதுச் செல்லப் பெயரால் ஒரே ஒரு முறை கூப்பிட்டது. நான் எழுதியதால் சேர்த்தார்களா, வேறு யாராவது சொன்னார்களா, தெரியாது. ஆடியவர்கள் சண்டையைத்தான் புகழ்ந்தார்கள். சித்தூருக்குத் திரும்பியிருந்த நைனாவுக்கு போனில் சொன்னேன்.

"கூப்புட்ட அப்புறமும் அடிச்சாளா?"

"அடிச்சா."

ம் என்றார். பிறகு திருப்பதியில் மழை உண்டா என்று விசாரித்தார்.

அவருக்கு அந்தக் கண்ணில் முழுப் பார்வை திரும்பவில்லை, ஆள் நடமாட்டம் தெரியும். சபையில் தன் மகள் ஆபீசில் கதை சரி பார்க்கிறவள் என்று அவர் சொல்லப்போக, அந்த வருஷம் கிறிஸ்மஸ் நாடகத்தை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடுகிற ஏரோது ராஜா பேசுவது மிக நீளம், பாதியாகக் குறைக்கலாம் என்று சொன்னேன். ஏரோதாக நடித்தவர் சபைச் செயலாளர். ஒரு வரி விடாமல் பேசி முடித்தார். நைனா முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார்.