தூரமா, கிட்டவா

படகுக் கேபின் கண்ணாடியைத்தான் முதலில் திட்டினேன். உப்புப் படிந்துவிட்டது என்று நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்தேன், மறுபடியும் மங்கல். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டுகிறவனுக்குத் தன் கண்மேல் அவ்வளவு சீக்கிரம் சந்தேகம் வருமா?

ஒரு நாள் காலையில் வந்தது. ஜிபிஎஸ் திரையில் கடல் எல்லைக்கோடு இன்னும் தள்ளியிருக்கிறது என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பி ரியாஸ் பின்னாலிருந்து கத்தினான்.

“மச்சான், கோட்டத் தாண்டப் போறீங்க! இங்கிட்டுத் திருப்புங்க!”

திருப்பிவிட்டேன். தாண்டியிருந்தால் படகிலிருந்த அத்தனை பேரும் இலங்கைச் சிறைக்குப் போயிருப்போம். கரை வரும்வரை ரியாஸையே ஓட்டச் சொன்னேன்.

புதுக்கோட்டையில் கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் கேட்டராக்ட் (கண்புரை) என்றார்.

“இவுகளுக்கு இன்னும் அம்பதுகூட ஆகலையே?” என்று என் மனைவி ஹாஜரா சண்டைக்குப் போவதுபோல் கேட்டாள்.

“கண்ணுக்குள்ள இருக்க லென்ஸ் (ஒளியைக் குவிக்கும் வில்லை) கிட்டப் பார்க்க உப்பிக்கும், தூரம் பார்க்கத் தட்டையாகும். வயசு ஏற ஏற இறுகிரும். இறுகினத திரும்பத் திரும்ப வளைக்கிறப்ப உள்ள அழுத்தம் கூடுது. புரை விழ அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சந்தேகப்படுறாங்க. அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. வெயிலும் ஒரு காரணமா இருக்கலாம்” என்றார் டாக்டரம்மா.

திரையையும் கடலையும் மாறி மாறிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அன்றிலிருந்து எதையும் உற்றுப் பார்க்கவே பயந்தேன். நீங்கள் அப்படிப் பயப்படாதீர்கள். பயந்ததால் என் புரை ஒன்றும் குறையவில்லை.

“புரைய எடுத்துட்டு வைக்கப்போற செயற்கை லென்ஸ் வளையாதுங்க, ஏதாவது ஒண்ணுக்குத்தான் சரியா வரும். தூரம் தெளிவா தெரியணுமா, கிட்டவா?” என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது கேட்டார் டாக்டர்.

“கிட்ட. கோடு திரையிலதான இருக்கு” என்றேன்.

ஹாஜரா விடவில்லை. “திரைக்குக் கண்ணாடி போட்டுக்கலாம். அலை தெறிக்கிறப்ப எதுக்க வர்ற படகப் பாக்கக் கண்ணாடி நிக்குமா? தூரமே வைங்க டாக்டர்.”

முதலில் ஒரு கண், பிறகு மற்றது. மரத்துப்போக மருந்து விட்டிருந்தார்கள், வலியில்லை. ஆனால் முழித்திருந்தேன். தும்மிவிட்டால் என்ன ஆகும் என்று உடம்பு முழுக்க விறைத்துக் கிடந்தது.

டாக்டர் அனுமதித்த பிறகே கடலுக்குப் போனேன். இப்போது தொலைவில் போகும் படகின் நிறம்கூடத் தெரிகிறது. திரையைப் பார்க்கக் கண்ணாடியை மாட்டுகிறேன். கடலைப் பார்க்கக் கழற்றுகிறேன். முன்பு கண் தானாகச் செய்த வேலை. செய்கிறது என்றே நான் அறிந்ததில்லை. இப்போது கைக்கு அதைச் செய்ய நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்திலும் படகு போய்க்கொண்டேதான் இருக்கிறது.

அதனால் கோட்டுக்கு வெகு முன்பே திருப்பிவிடுகிறேன்.

“மீனு அங்கிட்டுல்ல இருக்கு, மச்சான்” என்கிறான் ரியாஸ்.

இருக்கட்டும்.