மறுபடியும் இறங்கிய தோள்கள்

இறங்கிய தோளை ஏற்றி வைப்பது டாக்டரின் வேலை. ஏறிய தோள் அங்கேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. அவருடையது சில நிமிஷத்தில் முடிந்துவிடும். எங்களுடையது முடிந்ததாக நான் பார்த்ததில்லை.

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். ஒருமுறை தோள் இறங்கி, ஆபரேஷன் இல்லாமல் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவரா நீங்கள்? அப்படியானால் எந்தப் பக்கம் தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், சட்டையில் எந்தக் கையை முதலில் நுழைக்கிறீர்கள் என்று கேட்காமலே சொல்லிவிடுவேன். இது உங்களுக்காக எழுதியது.

வலி போன பிறகு

இசக்கிமுத்து தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வயசு இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கபடி. பாடிக்கொண்டு போனவன் கோட்டைத் தொட வலது கையை நீட்ட, பின்னாலிருந்து ஒருவன் அந்தக் கையைப் பிடித்து இழுக்க, தோள் முன்பக்கமாக இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஏற்றினார்கள். எக்ஸ்ரே எடுத்து, கையைக் கழுத்தோடு ஸ்லிங்கில் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரம் போய் ஸ்லிங்கைக் கழற்றியதும் என்னிடம் வந்தான்.

எல்லோருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னேன். தோள் என்பது சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய பந்து. கிண்ணத்தின் விளிம்பில், குழாய்க்கு வாஷர் இருப்பதுபோல ஒரு வளையம் உண்டு. பந்து வெளியே வரும்போது அது கிழிந்துவிடும். பந்தை உள்ளே தள்ளிவிடலாம். கிழிந்த வளையம் பழைய இடத்தில் சரியாக ஒட்டுவது அபூர்வம். அதனால் வயசு குறைவாக இருந்தால், அதிலும் பிடித்து இழுக்கிற ஆட்டம் ஆடுகிறவர்களாக இருந்தால், மறுபடி இறங்குவதற்கு நிறையவே வாய்ப்பிருக்கிறது. பயிற்சி செய்தால் அந்த ஆபத்து குறையும், அடியோடு போகாது. கபடியை விட மனசில்லை என்றால் ஆபரேஷன் பற்றி எலும்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசு என்றேன். பொறுமையாகக் கேட்டவன், கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

"அக்கா, வலியே இல்ல பாருங்க. வலி இல்லன்னா சரியாயிட்டுன்னுதானே அர்த்தம்?"

கழற்றாத ஸ்லிங்

மாட்டுங்காவிலிருந்து வந்த காமாட்சி மாமி இதற்கு நேர் எதிர். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மழைக்காலத்தில் கட்டிடப் படியில் வழுக்கி விழுந்து தோள் இறங்கியது. ஏற்றிய டாக்டர், தசைநார் கிழியவில்லை, சீக்கிரமே ஸ்லிங்கை எடுத்துவிட்டுப் பயிற்சி ஆரம்பியுங்கள் என்று சொல்லியிருந்தார். மாமி போனில் எதையோ படித்துவிட்டார். ஒருமுறை இறங்கினால் இறங்கிக்கொண்டே இருக்கும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. கோயிலுக்கும் ஸ்லிங், கிங்ஸ் சர்க்கிளில் காய் வாங்கவும் ஸ்லிங், தூங்கும்போதும் ஸ்லிங். என்னிடம் வந்தபோது பின்னல் போட முடியவில்லை. ரவிக்கையில் கை நுழைக்க மருமகள் வேண்டியிருந்தது.

மாமி படித்தது பொய்யில்லை, அது வேறு வயசுக்காரர்களுக்கு எழுதியது. இந்த வயசில் தோள் மறுபடி இறங்குவது குறைவு, இறுகிப்போவதுதான் அதிகம். இதை நான் சொன்னபோது மாமி நம்பவில்லை, சுவரில் விரலால் ஏறும் பயிற்சியில் கை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தபோதுதான் நம்பினார். பல வாரம் பிடித்தது. தானே பின்னல் போட்டுக்கொண்டு வந்த அன்று அவர் முகத்தில் பெரிய சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"கை வந்துடுத்து, சரிதான். ஆனா ஸ்லிங்கை எடுத்ததுலேர்ந்து கறிகாய்ப் பையை ஒருத்தரும் தூக்கித் தரமாட்டேங்கறா."

சாகுல் பாயின் பட்டறை

இசக்கி பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஆடப் போனான். இரண்டாவது முறை இறங்குவதற்குப் பெரிய இழுப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. கீழே விழுந்தவன் கையை ஊன்றி எழுந்தான், அவ்வளவுதான். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. அவனுடைய முதலாளி சாகுல் பாயே பிடித்து ஏற்றிவிட்டார். நரம்பில் பட்டிருந்தால், எலும்பு உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதற்காக இரண்டு பேரையும் வரச் சொன்னேன்.

சாகுல் பாய் தென்காசிப் பக்கத்துக்காரர், அமைதியான மனிதர். அவருக்கும் வாலிபத்தில் தோள் இறங்கியிருக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை முறை என்று அவருக்கே நினைவில்லை. தும்மும்போதுகூட ஒரு தடவை இறங்கியதாம். தானே ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டார். இதெல்லாம் போகப் போகப் பழகிவிடும் என்றுதான் இசக்கிக்கும் தைரியம் சொல்லியிருந்தார். பார்க்கட்டுமா என்று கேட்டு அவரைக் கட்டிலில் படுக்க வைத்தேன். முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் தூக்கி, முன்கையை மெதுவாகப் பின்னால் சாய்த்தேன். பந்து எறிகிறவன் கை இருக்குமே, அந்த நிலை. இந்தப் பரிசோதனையில் நாங்கள் தோளைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்ப்போம். கை பாதிதூரம்கூடப் போகவில்லை. பாயின் கண் பெரிதாகி, மறுகை வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டுக் கையை இறக்கினேன். அவர் எழுந்து உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

தாராவியில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் சரக்கு கூரையை முட்டிக்கொண்டிருக்கும். பாயின் பட்டறையில் மட்டும் எல்லா அலமாரியும் இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும் என்று இசக்கி பிறகு சொன்னான். அது ராசியோ, வாஸ்துவோ என்று இத்தனை நாளும் நினைத்திருந்தானாம்.

"அவரு கை எட்டுற எடம் அவ்வளவுதான்னு இப்பத்தான் தெரியுது, அக்கா."

ஓடி வந்தவர்

அன்றிலிருந்து இசக்கி ஒழுங்காக வந்தான். கபடியை நிறுத்தினான். ரப்பர் பட்டையை இழுத்துத் தோளைப் பலப்படுத்தினான். ஆபரேஷனுக்கு மட்டும் அவன் அம்மா சம்மதிக்கவில்லை. ஆடாமல் இருந்தால் போதும், எதற்குக் கத்தி வைக்க வேண்டும் என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படுவதில்லை.

ஒரு சாயங்காலம் என்னிடம் பயிற்சியை முடித்துக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் வீட்டுக்குப் போனான். ரயில் குர்லாவை விட்டுக் கிளம்பியது. வாசலோரம் நின்றிருந்தான். நடுத்தர வயசுக்காரர் ஒருவர் பிளாட்பாரத்தில் ஓடி வந்து கம்பியைப் பிடித்தார். கால் படியில் சரியாகப் பதியாமல் இழுபட்டது. இசக்கி கையை நீட்டினான். வலது கையை. அவர் உள்ளே வந்தார், தோள் வெளியே வந்தது. கூட்டத்தில் உட்காரவும் இடமில்லை. தொங்கும் கையை மறுகையால் தாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனான சுனாபட்டி வரை நின்றிருக்கிறான். ஏறியவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவனை இறக்கி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அவன் அம்மா வரும்வரை கூடவே இருந்தார். அந்த மனிதர் சொன்ன மராட்டி அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. பாதியே போதுமானதாக இருந்தது. ஆபரேஷனுக்குச் சரி என்றாள்.

ஸ்கேனில் வளையம் கிழிந்திருந்ததோடு கிண்ணத்தின் விளிம்பு எலும்பும் தேயத் தொடங்கியிருந்தது. இன்னும் சில முறை இறங்கியிருந்தால் ஆபரேஷன் பெரிதாகியிருக்கும் என்றார் டாக்டர். ஆபரேஷன் முடியும்வரை சாகுல் பாய் வெளியே உட்கார்ந்திருந்தார். தன் வயசில் இதைச் செய்ய முடியுமா என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். இன்னும் எடுக்கவில்லை.

மாதங்கள் கழிந்து, டாக்டர் அனுமதித்த பிறகு, இசக்கியைப் படுக்க வைத்து அதே பரிசோதனையைச் செய்தேன். முழங்கையைத் தூக்கினேன், முன்கையைப் பின்னால் சாய்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். முகம் மாறவில்லை. கபடியைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்து, இன்னும் சில காலம் பொறு என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"ஆட்டத்த அப்புறம் பாப்போம் அக்கா. வண்டியில ஒருத்தரு ஓடி வந்தா கை குடுக்கலாமா, அத மட்டும் சொல்லுங்க."

கொடுக்கக் கூடாது என்றுதான் தோள் இறங்கிய எல்லோருக்கும் சொல்கிறேன், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதால்தான் என் கிளினிக் நடந்துகொண்டிருக்கிறது.