பச்சைக் கரைத் துண்டில் கட்டிய கரும்பு

கரும்பைக் கயிற்றால்தான் கட்ட வேண்டும். துண்டால் கட்டினால் வழுக்கும், பஸ் குலுங்குகிற குலுக்கலில் முடிச்சு அவிழ்ந்துவிடும். இதை மாமாவிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தை பிறப்பதற்கு இரண்டொரு நாள் முன்னால், குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று பஸ் மாறிப் பேராவூரணிக்கு வந்து இறங்குவார். தோளில் தோகையோடு கரும்பு, அதைச் சுற்றி அவருடைய பச்சைக் கரைத் துண்டு. கையில் அரிசிப் பை, மஞ்சள் கொத்து, வெல்லம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அப்பா கொண்டுவரும் பொங்கல் வரிசை. ஆனால் அவர் என் அப்பா இல்லை. என் முதல் கணவரின் அப்பா.

என்னைப் பெற்றவர்கள் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்த சித்தப்பா கல்யாணத்தோடு கை கழுவிவிட்டார். கல்யாணமான இரண்டாம் வருஷம் கும்பகோணம் சாலையில் லாரி மோதி என் கணவர் இறந்தார். மாமாவுக்கும் அத்தைக்கும் ஒரே பிள்ளை. எனக்குப் போக இடமில்லை. அவர்களும் போகச் சொல்லவில்லை. மாமா என்னைப் பி.எட். படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும், யாரையும் கேட்காமல் எனக்கு மாப்பிள்ளை தேடக் கிளம்பிவிட்டார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

அத்தை சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். "எம் புள்ளை நின்ன எடத்துல இன்னொருத்தனை எப்படிங்க பாப்பீங்க?" என்று கேட்டு அழுதார். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு எழுந்தார். "பாக்க முடியாதுதான். அதுக்காக இந்தப் பொண்ணு காலம் பூரா நம்ம மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கெடக்கணுமா?" என்றார். தனக்கு வலிக்கவில்லை என்று அவர் நடிக்கவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான். நல்லது செய்கிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தன் நெஞ்சு அறுபடுவது தெரிந்தும் செய்தவர் இவர் ஒருவர்தான்.

பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். கோயிலில் எளிமையாகக் கல்யாணம். தாரை வார்க்கும்போது அப்பா பெண்ணின் கையைப் பிடிக்க, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பது வழக்கம். அத்தை வரவில்லை. மாமா ஒரு கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தானே வார்த்தார். பாதித் தண்ணீர் அவர் வேட்டியில்தான் விழுந்தது. முடிந்ததும் குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார். திரும்பி வந்தபோதும் கண் சிவந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு பொங்கல்கூடத் தவறவில்லை. சம்பா அறுவடை தள்ளிப்போனாலும், வயலில் முதலில் முற்றும் மூலையில் எனக்கென்று நாலு கட்டு அறுத்து அரிசியாக்கிவிடுவார். ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டரோடு சண்டை. "பொண்ணுக்கு வரிசை கொண்டுபோறேன், இதுக்குப் போயி லக்கேஜ் கேக்குறியேப்பா?" என்று தான் கேட்டதை என்னிடம் பெருமையாக நடித்துக் காட்டுவார். என் கணவரை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லுக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார். கடைசி வருஷம் வரைக்கும் அந்தச் செருமல் நிற்கவில்லை. என் கணவரும் அது காதில் விழாததுபோல் எழுந்து நின்று, "வாங்க மாமா" என்பார்.

போன ஆடியில் மாமா இறந்தார். பள்ளியில் லீவு கேட்டபோது தலைமையாசிரியை, "யாரு டீச்சர் தவறினது?" என்றார். மாமனார் என்றேன். "உங்க மாமனார் போன வருஷமே தவறிட்டாரே?" என்று விழித்தார். அது இப்போதைய கணவரின் அப்பா என்று விளக்காமல், லீவு லெட்டரை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். துக்க வீட்டுப் பந்தலிலும் அதே கதைதான். மகள் உட்காரும் இடத்திலும் உட்கார முடியவில்லை, மருமகள் உட்காரும் இடத்திலும் உட்கார முடியவில்லை. ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், யாரோபோல் இருந்துவிட்டு வந்தேன். அத்தை என்னைக் கூப்பிடவில்லை. அந்த வீட்டோடு எனக்கு இருந்த உறவு அவரோடு எரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இந்த வருஷம் அங்கே பொங்கல் கிடையாது. துக்கம் நடந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அத்தை தனியாக இருப்பாரே என்று மனது கேட்காமல், போகிக்கு முதல் நாள் போனேன். போ என்று சொன்னால் திரும்பிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

கதவு திறந்திருந்தது. அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரிசிப் பை, மஞ்சள் கொத்து, வெல்லம். சுவரில் சாய்த்த கரும்பு. அதைச் சுற்றிப் பச்சைக் கரைத் துண்டு.

"நமக்குத்தான் இந்த வருஷம் பொங்கல் இல்ல. உனக்கு உண்டுல்ல?" என்றார். "குத்தகைக்காரன்கிட்ட சொல்லி அந்த மூலையில நாலு கட்டு அறுக்கச் சொன்னேன். நேத்தே கெளம்பியிருக்கணும்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "எந்த பஸ்ல ஏறணும், எங்க எறங்கணும்னு எனக்குத் தெரியலையேடி. ஒரு தடவகூட அவரைக் கேட்டதில்லையே நானு."

நான் அவர் மடியில் விழுந்து அழுதேன். ஆடியிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை.

அத்தை கொடுத்த வரிசையோடு திரும்பி வரும்போது மன்னார்குடி பஸ்ஸில் கண்டக்டர், "கரும்புக்கு லக்கேஜ் எடுக்கணும்மா" என்றார். மாமாபோல் சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன்.

"எங்க அப்பா வீட்டு வரிசைங்க."

அவர் இருந்தவரை ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிட்டதில்லை. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச தூரத்தில் பஸ் குலுங்கியதில் முடிச்சு அவிழ்ந்து, கரும்பு சரிந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் தன் கூடையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தத் துண்டாலேயே மறுபடி கட்டினேன்.